கூட்டாமல் விட்ட இருநூறு சிசி

செய்தி வந்தபோது நான் ஒருவருடைய கடைவாய்ப்பல்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிதம்பரத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். வேலை நடக்கும்போது போன் எடுப்பதில்லை. அமலதாஸ் அண்ணாவின் மனைவி ஃபிலோமினா அக்கா நான்கு முறை விடாமல் அழைக்கவே, என் உதவியாளர் கவிதா போனைக் கொண்டுவந்து காதோரம் பிடித்தார். "டாக்டரு, அவுரு போயிட்டாரு. ஷூ மாட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார் அக்கா. "சரிக்கா, வர்றேன்" என்றேன். நாற்காலியில் இருந்தவரின் பல்லில் தற்காலிகமாக அடைத்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். கையுறையைக் கழற்றும்போதுதான் அழுகை வந்தது.

அமலதாஸ் அண்ணாவை உங்களில் பலருக்குத் தெரியும். ரசாயன ஆலையில் குழாய்களின் தடிமனைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராகச் சிலருக்கு, கடலூர் முதுநகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய எஞ்சினையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவராகச் சிலருக்கு, மாதா கோயில் பூசையில் கடைசி வரிசையில் நின்று சுருதி சேராமல் உரக்கப் பாடுபவராக மற்றவர்களுக்கு. எனக்கு அவரை என் காரின் மூலமாகத் தெரியும். அந்தக் காருக்காக அவர் செய்த ஒரு வேலையில்தான் அவருடைய இன்ஸ்பெக்டர் பதவி போயிற்று. ஏன் போயிற்று என்பது ஊரில் பலவிதமாகப் பேசப்பட்டது. உண்மையை எழுதட்டுமா என்று நான் இரண்டு முறை கேட்டேன். "நான் இருக்கிற வரைக்கும் வேணாம் டாக்டர்" என்று இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். இனி தடுக்க அவர் இல்லை.

முதலில் அவர் என்னிடம் வந்தது பல்வலிக்காகத்தான். கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் சாய்ந்தவர், வாயைத் திறப்பதற்குப் பதிலாக ஜன்னலைக் கையால் காட்டி, "வாசல்ல நிக்கிற வண்டி யாருதுங்க?" என்றார். என்னுடையது என்றேன். நான் வந்து நிறுத்தும்போது அவர் வாசலில் காத்திருந்திருக்கிறார். "டர்போ ஓஸ் பைப்பு எங்கியோ லீக் ஆவுது. விசில் சத்தம் கேக்குது. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும் பேசுவதை நிறுத்தவில்லை. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மறுநாள் வலி எப்படி இருக்கிறது என்று நான் போனில் கேட்டபோது, ஓஸ் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரத்து அறுநூறு சிசி பெட்ரோல் எஞ்சின், டர்போ பொருத்தியது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஒரு பல் டாக்டருக்கு, அதுவும் ஒரு பொம்பளைக்கு, இந்தச் சீற்றம் பிடித்த வண்டி எதற்கு என்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். வருடத்தில் சில முறை சென்னைக்கு அருகே உள்ள பந்தயத் தடத்துக்கு எடுத்துச் சென்று, கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுவேன். எனக்கு அது பிடிக்கும். அதற்கு மேல் காரணம் எதுவும் வைத்திருக்கவில்லை. அண்ணா ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்காதவர். ஃபிலோமினா அக்காவையும் கூட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, தடத்துக்கு வருவார். நான் ஓட்டி முடித்து இறங்கியதும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்க மாட்டார். போனட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆலையில் ஒவ்வொரு குழாயையும் அளந்ததும், அளந்த இடத்திலேயே மஞ்சள் பெயின்ட் பேனாவால் தடிமனை எழுதி வைப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டுக் கேட்டில் மூன்று இடங்களில் எண்கள் இருக்கும். மாடியில் தண்ணீர் குழாயில் இருக்கும். இட்லிக் குண்டானின் அடியில்கூட ஒன்று பார்த்திருக்கிறேன். "கட்டிக்கிட்டு வந்த புதுசுல என் வளையலையும் அளந்தாரு டாக்டரு. தங்கம் தேயுதான்னு பாக்கறேன்னாரு" என்று அக்கா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. தேய்ந்துதான் இருந்தது என்றார்.

நாங்கள் இருவரும் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்காக. எஞ்சினை ஆயிரத்து எண்ணூறு சிசியாகப் பெரிதாக்க வேண்டும் என்றேன் நான். வேண்டாம் என்றார் அவர். ஒரு வருடத்துக்கு மேல் இது ஓடியது.

கார் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் காற்றாடிதான் டர்போ. புகை போதாதபோது அது சுணங்கும். அந்தத் தடத்தில் ஒரு குறுகிய வளைவு இருக்கிறது. அதில் வேகம் குறைந்து, திரும்பி, மறுபடி மிதிக்கும்போது என் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு நொடி என் கணக்கில் ஏறிவிடும். சிலிண்டர்களைக் குடைந்து சற்று அகலமாக்கி, கிராங்க் என்ற சுழல்தண்டையும் பிஸ்டன்களையும் மாற்றினால் இருநூறு சிசி கூடும். டர்போ விழிக்கும்வரை எஞ்சின் தன் பலத்திலேயே இழுக்கும். இதுதான் என் வாதம். தப்பான வாதம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அவருடைய பதில் வேறு மாதிரி இருந்தது. "பசிச்சா சோறு போடணும் டாக்டர், வயித்தப் பெருசாக்கறதா? காத்து தர்றதுக்குத்தான் டர்போ இருக்கு. அது சீக்கிரம் முழிக்கிற மாதிரி பண்ணுவோம்" என்பார். டர்போ வைத்த எஞ்சினில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஜாஸ்தி; அதைத் தாங்குவது சிலிண்டரின் சுவர்தான்; அந்தச் சுவரைத்தான் நான் குடையச் சொல்கிறேன். சுவர் வெடித்தால் தண்ணீர் உள்ளே வரும், எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகும், நூற்று ஐம்பதில் போகிற வண்டி என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள் என்பார். நான் விடவில்லை. பிடிவாதத்தில் நான் என் அம்மாவைப் போல. போன் பண்ணும்போதெல்லாம் ஆரம்பிப்பேன். கடைசியில் ஒருநாள் அவர் பெருமூச்சு விட்டு, "நமக்கு எவ்ளோ வேணும்னு பேசிக்கிட்டே இருக்கோம். அதுகிட்ட எவ்ளோ இருக்குன்னு மொதல்ல பாப்போம். பிரிச்சி எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, தன் வீட்டுக் கார் ஷெட்டில், சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் பிளாக்கை ஸ்டாண்டில் ஏற்றினார். ஆலையில் அவர் பயன்படுத்தும் அதே வகைக் கேஜ் அவரிடம் சொந்தமாகவும் இருந்தது. சுவரின் ஒரு பக்கத்தில் வைத்தால், ஒலியை உள்ளே அனுப்பி, அது மறுபக்கம் போய்த் திரும்பி வர எத்தனை நேரமாகிறது என்பதை வைத்துத் தடிமனைச் சொல்லிவிடும். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இடம். அளக்க அளக்க மஞ்சள் பேனாவால் எழுதினார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் குறித்தேன். குடைந்த பிறகு நாலு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. குடைவது ஒரு மில்லிமீட்டர். இருந்ததிலேயே மெல்லிய இடம் ஐந்தே கால் காட்டியது. இரண்டு முறை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, தோற்றவர் மாதிரி சிரித்து, "எடுக்கலாம் டாக்டர். நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார். அன்றைக்கு அக்கா வைத்த மீன் குழம்பை நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பண்ருட்டியில் லாரி எஞ்சின்களுக்குச் சிலிண்டர் குடைந்து போரிங் போடும் பட்டறை ஒன்றில் பிளாக்கைக் கொடுத்தோம். புதிய கிராங்கும் பிஸ்டன்களும் வந்து சேர்ந்தன. வேலை நடக்கும் வியாழக்கிழமை, மருத்துவமனைக்கு விடுமுறை விட்டுவிட்டு நானே போய் நின்றேன். பட்டறைக்காரர் முதல் சிலிண்டரின் நடுவில் குடையும் தண்டைச் சரியாக நிறுத்தி, சுவிட்சில் கை வைக்கப் போனார். அப்போது வாசலில் அண்ணாவின் பைக் வந்து நின்றது. ஆலைச் சீருடையில், தலைக்கவசம்கூடக் கழற்றாமல், நேராக மெஷினுக்கு வந்து, "நிறுத்துங்க, கை வைக்காதீங்க" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பி, "டாக்டர், நான் தப்பா அளந்துட்டேன்" என்றார். பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார்.

நடந்தது இதுதான். எஃகில் ஒலி வேகமாகப் போகும். வார்ப்பிரும்பில் மெதுவாகப் போகும். எதை அளக்கிறோமோ அதற்கேற்பக் கேஜைத் திருத்தி வைக்க வேண்டும். இருபது வருடமாக எஃகுக் குழாய்களையே அளந்த கை, வார்ப்பிரும்பு பிளாக்கையும் எஃகுக் கணக்கிலேயே அளந்துவிட்டது. அந்தக் கணக்கில் வார்ப்பிரும்பு இருப்பதைவிடத் தடியாகத் தெரியும். ஐந்தே கால் என்று நாங்கள் கொண்டாடிய இடம் உண்மையில் நாலே கால்தான். குடைந்திருந்தால் மூன்றே கால்தான் மிஞ்சியிருக்கும். அன்று காலை ஆலையில் கழித்துப் போட்ட வார்ப்பிரும்பு மூடி ஒன்றைக் கேஜால் அளந்தவர், அன்று என் பிளாக்கைக் குடையப்போகிறார்களே என்ற நினைப்பில், திறந்து கிடந்த விளிம்பில் ஸ்கேலையும் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. போன் போட்டிருக்கிறார், பட்டறைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டார்.

பட்டறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு ஏமாற்றம்தான், ஒளிப்பானேன். ஆனால் அவர் முகம் என் ஏமாற்றத்தைவிடப் பெரிய எதையோ சுமந்துகொண்டிருந்தது. டீயைத் தொடவில்லை. "என்னண்ணா?" என்றேன். "ஆலையில நாலு பம்ப் இருக்கு டாக்டர். ஆசிட் போற பம்ப். கூடு நாலும் காஸ்ட் அயர்ன். ரெண்டு வருசமா நான்தான் அளந்து கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அந்த வார்ப்பிரும்புக் கூடுகளையும் அவர் எஃகுக் கணக்கிலேயே அளந்திருக்கிறார். புரிந்ததும் நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் சீனியர் இன்ஸ்பெக்டர் ஆகவிருந்த வருடம் அது. "யாருக்குண்ணா தெரியும்? நாளைக்குப் போயி கேஜ சரியா வெச்சி மறுபடி அளந்து, புது ரிப்போர்ட்டா எழுதிடுங்க. மெலிசா இருந்தா மாத்தச் சொல்லுங்க. பழசைப் பத்தி ஏன் பேசணும்?" என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே அப்போது நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "நாளைக்குன்னு வெச்சா, நாளைக்குள்ள எனக்கு ஆயிரம் காரணம் கெடைச்சிடும் டாக்டர். நீங்களே ஒண்ணு குடுத்துட்டீங்க. இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். எழுந்து, டீயை அப்படியே வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அதற்கு முன் பட்டறைக்குள் போய், பிளாக்கில் தான் எழுதிய மஞ்சள் எண்கள் எல்லாவற்றையும் தின்னர் துணியால் துடைத்துவிட்டுத்தான் போனார்.

அன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருட ரிப்போர்ட்டுகளும் தப்பு, தப்பு என்னுடையது என்று. நாலு பம்ப்பையும் நிறுத்திச் சரியாக அளந்தார்கள். மூன்று தேறின. ஒன்று எல்லையைத் தாண்டித் தேய்ந்திருந்தது. விசாரணை நடந்தது. கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துவிட்டு, அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டும் கேஸ்கெட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. கடைசிவரை அங்கேதான் இருந்தார். கேஜைத் திருடினார், கார் பந்தயத்துக்கு ஆலைச் சாமானைக் கொண்டுபோனார் என்றெல்லாம் ஊரில் பேசினார்கள். எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

நான் ஐந்து மாதம் முதுநகர்ப் பக்கம் போகவில்லை. வெட்கம். நான் அந்த இருநூறு சிசிக்கு அடம் பிடிக்காமல் இருந்திருந்தால் அவர் அந்த பிளாக்கை அளந்திருக்க மாட்டார், அந்த மூடியையும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்று என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். கார் எஞ்சின் இல்லாமல் என் வீட்டு ஷெட்டில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அவரே ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். காத்திருப்போர் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை இருந்து, உள்ளே வந்து, "பல்லுல ஒண்ணுமில்ல. வண்டி எப்ப பூட்டறது?" என்றார். நான் அழுதுவிட்டேன். "நீங்க அடம் பிடிச்சதாலதான டாக்டர் தப்பு கண்ணுல பட்டுச்சி. இல்லன்னா இன்னும் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

கிராங்கும் பிஸ்டன்களும் திரும்பிப் போயின. எஞ்சின் ஆயிரத்து அறுநூறிலேயே நின்றது. அவர் முதலிலிருந்தே சொன்னபடி, சீக்கிரம் சுழலும் சின்ன டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். நேர்ச்சாலையின் முடிவில் வண்டிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனால் அந்த வளைவில் யோசிக்காது. முதல் தடவை அந்த வளைவிலிருந்து நான் வெளியே வந்தபோது, அக்காவின் கையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கித் தலைக்கு மேலே ஆட்டினாராம். அக்காதான் சொன்னார். நான் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று முதுநகரில் கூட்டம் வீட்டு வாசலைத் தாண்டித் தெருமுனைவரை நின்றது. ஆலையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர், ஐம்பது வயதிருக்கும், என்னிடம் வந்து, "நீங்கதான் சிதம்பரம் டாக்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த நாலாவது பம்ப் இருக்குல்லம்மா, அதுக்குப் பக்கத்துலதான் எனக்கு டூட்டி. எட்டு மணி நேரமும் அங்கதான் நிப்பேன். அவுரு எழுதிக் குடுத்ததும் அதை நிறுத்திட்டாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார். போய் ஓரமாக நின்றுகொண்டார். ஊர் என்ன பேசியது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அமலதாஸ் அண்ணாவைத் தெரிந்த நீங்களும் கவலைப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், சொல்கிறேன். அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்யும்போது, ஊசி போன்ற சின்ன அரம் வேருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் இது நடக்கும். எடுக்க முடியவில்லையென்றால் பலர் மேலே அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நானும் முன்பு இரண்டு முறை அப்படி இருந்திருக்கிறேன். அன்று அவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து, "சார், என் கையில ஒரு துண்டு உள்ளயே ஒடைஞ்சிடுச்சி. தப்பு என்னுது. இதோ, இந்த இடத்துல இருக்கு" என்றேன். அவருடைய அட்டையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எக்ஸ்ரேயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்று கோபமாக எழுந்து போய்விட்டார். போகட்டும். தன் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.